மூன்று அர்ச்சுனா தூரம்

ஐப்பசியில் எங்களூர் வானம்
மத்தியானமே அடுப்படிச் சுவராய்க் கறுத்துவிடும்.
முதல் மின்னலுக்கே தம்பி சொரிமுத்து
பாய்க்குள் சுருண்டுகொண்டு
அர்ச்சுனா அர்ச்சுனா அர்ச்சுனா என்றான்.
பேரைச் சொன்னால் இடி விலகிப் போகுமாம்.
விலகவில்லை.
பதினைந்தாவது அர்ச்சுனாவில் வந்து
ஓட்டுக்கூரையை ஓர் உலுக்கு உலுக்கியது.

பதினைந்து.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதே
எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அறிவியல் புத்தகத்தில்
பரீட்சைக்கு வராத ஒரு கட்டத்துக்குள்
சின்ன எழுத்தில் போட்டிருந்தது:
வெளிச்சம் கிளம்பியதும் வந்துவிடும்.
சத்தம் நடந்துதான் வரும்,
நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர்.
ஆக மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர்,
கொஞ்சம் முன்னே பின்னே.

"ஏலே, ஒரு அர்ச்சுனா ஒரு நொடி.
பதினஞ்ச மூணால வகு."
பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது: "அஞ்சு."
"அஞ்சு கிலோமீட்டர். இடி பத்மநேரிப் பக்கம் கெடக்கு.
ஒம் பாய்க்குள்ள இல்ல."
தலை வெளியே வந்தது.

அப்பாவின் போனில் நொடி ஓடவிட்டுச் சரிபார்த்தோம்.
நிதானமாகச் சொன்னால் நிமிடத்துக்கு அறுபத்தொன்று.
பயந்து சொன்னால் தொண்ணூறு!
அப்படியானால் அந்த முதல் இடிக்குப் பத்தே நொடி.
பத்மநேரி இல்லை, கால்வாய்ப் பாலம்.
பயந்தவன் கடிகாரம் விரைந்து ஓடி
இடியைத் தூரத்தில் காட்டும்.
இது கட்டத்துக்குள் இல்லை.
நாங்கள் கண்டுபிடித்தது.

அதற்குள் அப்பா கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தார்.
தரிசில், ஒற்றைப் பனையடியில்
வெள்ளைக்காலி கட்டிக் கிடந்தது.
மின்னல். எட்டு.
மறுபடி மின்னல். ஐந்து.
"அப்பா, போகாதீங்க. கிட்ட வருது."
"எல்லாரும் எண்ணிக்கிட்டிருந்தா ஆட்ட யாரு அவுக்க?"

எப்படிச் சொல்வது அவருக்கு?
மேகம் பஞ்சுப்பொதி இல்லை.
உள்ளே பனித்துகளும் ஆலங்கட்டியும்
ஏறி இறங்கி இடித்துக்கொண்டே கிடக்கின்றன.
இருட்டில் நைலான் சட்டையைக் கழற்றினால்
சடசடவென்று பொறி பறக்குமே,
அதேதான், மலையளவுக்கு.
சேர்ந்த மின்சாரத்தைக் காற்று தாங்காதபோது பாய்கிறது.
பாயும் வழியில் காற்று
சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு கொதித்து
கண் இமைப்பதற்குள் விரிந்து வெடிக்கிறது.
அந்த வெடிப்புதான் இடி.
தேர்ச்சக்கரம் எதுவும் உருளவில்லை மேலே.
யார் பொய் சொன்னது, யார் வட்டிக்காசு ஏமாற்றியது
என்றெல்லாம் அதற்குத் தெரியாது.
பெரும்பாலும் உயரமானதில் இறங்கும்.
தரிசில் உயரம் பனை.
பனைக்கும் வீட்டுக்கும் நடுவில்
உயரம் அப்பா.

இந்தக் கடைசி மூன்று வரியை மட்டும் சொன்னேன்.
சொல்லி முடிக்கையில் ஜன்னல் வெள்ளையாகியது.
"அர்ச்சுனா, அர்ச்சு..."
சொரிமுத்து முடிக்கவில்லை.
அலமாரித் தட்டுகள் எல்லாம் பேசின.
அப்பா சாக்கை மடித்துக் கீழே வைத்தார்.

பிறகு ஆறு.
பதினொன்று.
இருபது.
முப்பத்திநான்கு, முனகலாக.
கடைசிச் சத்தத்துக்குப் பிறகும் அரைமணி நேரம்
வெளியே இறங்காதே என்றது கட்டம்.
அப்பா பதினேழு தடவை மணி கேட்டார்.

வெள்ளைக்காலி பனையடியில் இல்லை.
கயிற்றை அறுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் நின்று
யாருடைய உரச்சாக்கையோ மென்றுகொண்டிருந்தது.
பனைக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அப்பா அதைக் காட்டிச் சிரித்தார்.
இன்றைக்கு ஆகவில்லை, அவ்வளவுதான் என்றேன்.
சிரிப்பை நிறுத்திவிட்டுக்
கயிற்றின் மிச்சத்தை மரத்திலிருந்து அவிழ்த்தார்.

ராத்திரி மேற்கே மலைப்பக்கம் மறுபடி ஒரு வெட்டு.
ஈர விறகை ஊதிக்கொண்டிருந்த அம்மா
வழக்கம்போலத் தொடங்கினாள்,
அர்ச்சுனா அர்ச்சுனா அர்ச்சுனா.
சொரிமுத்து விரலை மடக்கியபடி சொன்னான்:
"யம்மா, மெதுவாச் சொல்லு.
கணக்குத் தப்புது."