வரிசை எண் பதினான்கு

பத்தொன்பது வருடமாக, மார்ச் முடிவில்
நான் எழுதிவந்த வரி:
‘மோட்டார் கார் – ஒன்று. மதிப்பு ரூபாய் ஒன்று.’
தேய்மானம் கழித்துக் கழித்து
இனிக் கழிக்க இடமில்லாமல் நின்ற எண்.
அதையும் துடைத்தால் பொருளே இல்லையென்றாகும் என்று
ஆடிட்டர் விட்டுவைத்த ஒற்றை ரூபாய்.

காரை நான் பார்த்ததில்லை.

மேல்விஷாரத்தில் கம்பெனி மூடி
டிரம்மையெல்லாம் ராணிப்பேட்டைக்காரர் ஏற்றிப்போன பிறகு
இம்தாதுல்லா சார் பின்கட்டு குடோன் ஷட்டரைத்
தானே குனிந்து தூக்கினார்.
ஆட்டுத்தோல் அடுக்கியிருந்த தரையில்
உப்பு இன்னும் பூத்திருந்தது.
நடுவில், தார்ப்பாய்க்கு அடியில்,
ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
நிறம் என்னவென்று கேட்காதீர்கள்.
கதவிடுக்கில் மட்டும் கொஞ்சம் பச்சை,
அறுத்த கொய்யாவின் ஓரம்போல.

“எண்பதாயிரம்” என்றார்.
“புத்தகத்துல ஒரு ரூபாதான் சார்.”
சிரித்தார்.
“அப்போ புத்தகத்தை எடுத்துக்கோங்கம்மா, ஒரு ரூபாய்க்கு.”

காட்பாடியிலிருந்து கூட்டிவந்த எபிநேசர் பேசவேயில்லை.
அந்த வண்டிக்கு முன்பக்கம் முழுவதும்
வாயைப்போலத் திறக்கிறது;
பல் டாக்டர்போல உள்ளே தலைவிட்டு
நெடுநேரம் இருந்தார்.
பிறகு கீழே படுத்து
ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தவர்
ஓரிடத்தில் நிறுத்தினார்.
“இங்க இரும்பு இல்ல மேடம். பெயின்ட்டுதான் கீது.”
தோலைக் கெடாமல் காத்த அதே உப்பு
இதைத் தின்றிருக்கிறது.

பழைய வவுச்சரின் முதுகில் எழுதினேன்.
தரைத்தகடு, வெல்டிங்: நாற்பது.
எஞ்சின் இறுகிவிட்டது, அவிழ்த்தால்தான் தெரியும்:
அறுபதா, ஒன்றேகாலா.
கண்ணாடி ரப்பர் கோயம்புத்தூரில் கிடைக்கலாம்.
‘கிடைக்கலாம்’ என்பதை எந்தப் பத்தியில் போடுவது?
ஆர்.சி. புத்தகம், கரையான் தின்றது போக மீதி.
வேலை போய் மூன்று மாதம்.
கிராஜுவிட்டி பணம் வங்கியில் இருக்கிறது.
உமாபதி மாடியில் ஓர் அறை என்கிறார்,
மகள் கோச்சிங் என்கிறாள்.
என்னை யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

வரவுப் பக்கம் காலியாகவே இருந்தது.
எதையாவது எழுதவேண்டுமே என்று
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன்.
ஸ்டியரிங் கட்டைவிரல் அகலம் அசைந்து நின்றது.
கிளட்ச்சைத் தேடிய கால்
ஓட்டை வழியாகத் தரையைத் தொட்டது. சில்லென்று.
வெளியே நூற்றியாறு டிகிரி.
லைசென்ஸ் எடுத்துப் பதினொரு வருடம்;
இதுவரை நான் ஓட்டிய தூரம்
சத்துவாச்சாரி ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு சுற்று.

“உங்க பணம்னா வாங்குவீங்களா?” என்றேன் எபிநேசரிடம்.
“நான் வாங்கமாட்டேன் மேடம்.”
கையைத் துடைத்துக்கொண்டார்.
“நீங்க வாங்கினா என்கிட்டதான் விடணும்.”

இம்தாதுல்லா சார் ஜன்னலில் குனிந்தார்.
“புதன்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான்.
முப்பத்தெட்டு சொல்லியிருக்கான்.”
நாற்பது வருடம் தோல் பேரம் பேசியவருக்கு
வாய் தவறி விலை வருமா?
யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கினேன்.

பஸ் பெருமுகையில் நின்றபோது
வவுச்சரின் ஓரத்தில் பெருக்கிப்பார்த்தேன்.
எண்ணூறு கிலோ வண்டி. கிலோ முப்பது.
உப்பு தின்றது போக இருபத்திரண்டு தேறும்.
முப்பத்தெட்டு எந்த இரும்புக்காரனும் தரமாட்டான்.
அப்படியானால்
புதன்கிழமை யாரும் வரப்போவதில்லை.

வீடு போய்ச் சேரும்வரை
இருபத்தாறில் தொடங்குவதா
இருபத்தெட்டிலா என்றே ஓடிக்கொண்டிருந்தது.
வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி
எந்த ஸ்டாப்பில் இறங்கிப்போனது என்று
கவனிக்கவில்லை.