இரவல்

கர்ப்பவதி அட்டையின் மேல்மூலையில்
மருத்துவமாது சிவப்புப் பேனையால் எழுதினாள்:
ஓ நெகடிவ்.
கீழே இரண்டு கோடு இழுத்தாள்,
கடைக் கொப்பியில்
கடன்காரர் பெயருக்கு இழுப்பதுபோல.

உன் அக்கா நிலோஜினி பிறந்தபோது
அந்த அட்டை எங்களோடு இல்லை.
ஓடின அவசரத்தில் வீட்டுக்குள் விடுபட்டது.
மூதூர் இறங்குதுறை மூடிக் கிடந்த வாரம்.
பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பில்
இரண்டு மேசையைச் சேர்த்து என்னைக் கிடத்தினார்கள்.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பெருக்கல் கணக்கு.
கொடியை அறுத்தார்கள், பிள்ளை அழுதது,
எல்லாரும் கும்பிட்டார்கள்.
எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள்
எனக்குப் போடவேண்டிய ஊசி ஒன்று
கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அவளுடைய இரத்தத்தில் கொஞ்சம்
போகிற போக்கில் எனக்குள் சிந்தியது.
நான் அறியவில்லை.
உடம்பு குறித்துவைத்துக்கொண்டது.

நடுவில் ஒருத்தன் வந்தான்.
ஏழாம் மாதம் அசைவை நிறுத்தினான்.
வீங்கியிருந்தான் என்றார்கள், காட்டவில்லை.
"எங்கட வழி இரத்தம் அவளுக்குப் பிடிக்கேல்லை"
மாமி பின்வளவில் சொன்னது
கிணற்றடிவரை கேட்டது.
கமலரூபன் வாய் திறக்கவில்லை.
அன்றைக்கு வலை பொத்த அவனுக்குக் கை வரவில்லை.
மாமி சொன்னது ஒருவகையில் சரிதான் என்று
பிறகு டொக்டர் படம் கீறிக் காட்டினார்.

அதற்குப் பிறகு நீ.
திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில்
பின்னேரம், துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊத.
பார்க்க வந்தவர்கள் "நல்ல நிறம்" என்றார்கள்.
இரவு பத்துக்குள் கண்ணின் வெள்ளையும் அந்த நிறம்.
மிஸ் உன் நெற்றியில் விரலை அழுத்தி எடுத்தாள்.
அழுத்தின இடம் மாம்பழத் தோல்.
கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் போட்டார்கள்.
கண்ணாடிக்கு வெளியே நான்,
பால் ஊறிச் சட்டை நனைய.
நான் அனுப்பிய ஏதோ
இன்னும் உனக்குள் சுற்றித் திரிந்து
உன் இரத்தத்தை உடைத்துக்கொண்டிருந்தது,
என்னைக் கேளாமல், என் காவலுக்கென்று.

கன்னியாவில் ஏழு கிணறு இருக்கிறது.
உன்னை ஒருநாள் கூட்டிப்போவேன்.
நடுவில் ஒரு சாண் சுவர்தான்.
ஒன்றில் கை வைக்கலாம், பக்கத்தில் சுடும்.
கீழே ஒரே தண்ணிதானே என்று கேட்டேன் ஒருக்கா.
"அது அப்பிடித்தான் பிள்ளை" என்றார்
வாளி வைத்திருந்தவர்.

விடியப்புறம் இரத்தம் வந்தது,
கண்டியிலிருந்து, பனிப்பெட்டியில்.
ஹபரணைக்கு இப்பால் றோட்டில் யானை,
விளக்கணைத்து இருபது நிமிடம் நின்றதாம்.
சாரதி மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.
பையில் பெயர் இல்லை. ஓர் இலக்கம், ஒரு திகதி.
தொப்புள் வழியே
பத்து மில்லி எடுத்து, பத்து மில்லி விட்டு,
டொக்டர் எண்ண, மிஸ் எழுத,
வெளியே வெயில் ஏறிவிட்டது.
ஓ நெகடிவ்.
என்னிடமிருந்து உன்னை ஒளித்துவைக்க
என் வேஷத்தையே உனக்குப் போட்டார்கள்.

"மூன்று மாதம் போகட்டும்,
எலும்புக்குள்ள இருந்து அவன்ட இரத்தமே ஊறும்."

இன்றைக்கு எண்பத்தாறாம் நாள்.
கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏற
கிளினிக் துண்டைத் திரும்பவும் விரிக்கிறேன்.
பொசிடிவ்.
நீ அதன் மூலையை வாயில் வைக்கப் பார்க்கிறாய்.
ஜன்னல் பக்கத்து மாமி
கடலைப் பார்த்தபடியே கேட்கிறாள்,
"என்னவாம்?"

"உங்கட வழிதான்" என்கிறேன்.