பத்தொன்பது, பதினொன்று

யூட்லாந்தில், பார்லி அறுத்த மேட்டுவயல்.
ப்ரேபனின் ஹெட்போனில் முதலில் கேட்டது நாணயமல்ல,
மணல்சட்டியில் கடலை பொரிவது போலொரு படபடப்பு.
மண்ணைக் கேட்கச் செய்த கருவி
வானத்தை ஒட்டுக்கேட்கிறது.

மேற்கே மின்னல்.
லிஸ்பெத் எண்ணுகிறாள். பத்தொன்பதில் இடி.
"காருக்கு வா."

அப்போதா வரவேண்டும்,
இடது காலடியில், எந்தப் பக்கம் வீசினாலும் மாறாமல்
வெள்ளியின் குரல்!
ஒரு சாண் ஆழம்தான். மூன்றே நிமிடம்.

மறுபடி மின்னல்.
பதினொன்று.

சுற்றிப் பார்த்தான்.
இந்த மேட்டில் நிமிர்ந்து நிற்பது
அவனும் அவன் கையிலிருக்கும் இரும்பும் மட்டும்.
மண்வாரியை அங்கேயே குத்திவிட்டு ஓடினான்.

கண்ணாடி ஏற்றிய காருக்குள்
கதவைத் தொடாமல், ரேடியோவைத் தொடாமல்,
கைகளை மடியில் வைத்துக்கொண்டு
தண்டனை பெற்ற பிள்ளைகள் போல இருவர்.
"என்னவாக இருக்கும்?"
"பால்புட்டி மூடி."

மழை விட்டதும் போனான்.
மண்வாரி வைத்தபடியே நின்றது. ஒரு கீறல் இல்லை.
அதில் அவனுக்குச் சின்ன ஏமாற்றம்.
குழித்தண்ணீரில் கைவிட்டுத் துழாவி
எடுத்தான்:
பால்புட்டி மூடி.

சிரித்தபடி உயர்த்திக் காட்டினான்.
அவள் பார்க்கவில்லை.
காருக்குள், மேற்கே பார்த்து,
இன்னும் உதடு அசைகிறது.