கீழ்வீட்டுக் கணப்பு

கிரீனக்கில் மழை நின்றால்தான் செய்தி.
நவம்பரில் அது பக்கவாட்டில் பெய்யும்,
ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு நாணயம் நுழையும் இடைவெளி தேடி.

அந்த இடைவெளிகள் எனக்கு அத்துப்படி.
மெழுகுவத்தியோடு அறை அறையாக நடந்து
சுடர் எங்கே தலை சாய்த்ததோ அங்கே
பழைய காலுறையைச் சுருட்டித் திணித்தேன்.
ஜன்னலுக்குப் பார்சலில் வந்த குமிழ்த்தாள்.
கதவடிக்கு, ஃபெர்கஸுக்குச் சிறிதாகிப்போன
ஜீன்ஸின் ஒரு கால், உள்ளே கிழிந்த துண்டுகள்.
வீடு இப்போது
எங்கள் உடைகளைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

வாசல் அலமாரிக்குள் மீட்டர்.
முன்பணம் போட்டால்தான் மூச்சுவிடும் ரகம்.
கோடையில் ஒருமுறைகூட நான் ஹீட்டரைத் தொடவில்லை;
அது மட்டும் நாள் தவறாமல்
என் பேரில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தது.
அக்டோபரில் போட்ட முதல் இருபது பவுண்டு
அந்தப் பாக்கியை விழுங்கிவிட்டு
என்னைப் பார்த்தது: பூஜ்யம்.

ஆகவே ஒரே அறையில் வாழ்கிறோம்.
படுக்கையறைகளை மூடிவிட்டேன், அங்கே
சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை
தன்பாட்டுக்கு ஒரு தேசத்தை வரைகிறது.
மாலை ஆறிலிருந்து ஏழரை வரை ஹீட்டர்.
அதற்குள் சாப்பாடு, குளியல், பின்னக் கணக்கு.
அதற்கு மேல் தப்பாய்ப் போன விடைகளைப்
போர்வைக்குள் திருத்திக்கொள்ளலாம்.

ஆனாலும் பீற்றிக்கொள்வேன்:
"எட்டு பவுண்டில் ஒரு வாரம் ஓட்டுகிறேன்,
என் வீட்டில் வெறுங்காலோடு நடக்கலாம், தெரியுமா?"
மருத்துவமனையில் என்னோடு தரை துடைக்கும் யூனா
காலுறை வித்தையைக் கவனமாய்க் கேட்டுக்கொண்டாள்.

ஜனவரி பதினொன்று, செவ்வாய்.
அதிகாலை வேலைக்கு எழுந்து காலை இறக்கினேன்.
தரை
ஆற்றுக்குள் கிடக்கும் கல்.

மெழுகுவத்தி ஏற்றினேன். சுடர் நிமிர்ந்தே நின்றது.
காலுறைகள் அதனதன் இடத்தில்.
மண்டியிட்டுத் தரையில் கன்னத்தை வைத்தேன்.
எப்போதும் கீழே ஒரு குழாய் முனகும்,
வானொலி விடிய விடியப் பேசும்.
ஒன்றுமில்லை.

அப்போதுதான் உறைத்தது:
மூன்று குளிர்காலமாக
நான் நடந்தது என் சிக்கனத்தின் மேல் அல்ல,
லோரிமரின் கூரை மேல்.
முதுகில் அறுவை செய்த மனிதர்,
சூடு இல்லாமல் அவரால் படுக்க முடியாது.
அவர் எரித்தது மேலே ஏறி வந்தது.
அடுத்தவர் கணப்பில் குளிர்காய்ந்துவிட்டு
யூனாவுக்குப் பாடம் வேறு எடுத்திருக்கிறேன்.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். நேரம் எடுத்தது.
தொப்பி, ஓவர்கோட், அதற்கு மேல் குளியல் அங்கி.
"வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன்" என்றார்,
வீட்டுச் செருப்போடு, காலை ஐந்தே முக்காலுக்கு.
அவர் தோளுக்குப் பின்னால் மீட்டரின் சிவப்பு.
அவசரக் கடனும் தீர்ந்த பிறகு வரும் சிவப்பு.
எனக்குத் தெரியாத சிவப்பா?

அவர் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி
மூலைக்கடை திறக்கும்வரை நின்று
பத்து பவுண்டு ஏற்றிக்கொண்டு வந்தேன்.
அன்று வேலைக்கு நாற்பது நிமிடம் தாமதம்.
"எப்போது திருப்பித் தருவேன் என்று..." தொடங்கினார்.
"கடன் இல்லை, பாக்கி."
"எதற்கு?"
"தரைக்கு" என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை. விளக்க எனக்கு வெட்கம்.

தருமம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.
அதில் பாதி என் உள்ளங்காலுக்கு.
எந்தப் பாதி என்று கேட்டால்
பின்னக் கணக்கில் நான் ஃபெர்கஸை விட மோசம்.

மாலை குழாய் மீண்டும் முனகியது.
காலணியைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றேன்.
தலைக்கு மேலே,
புதிதாய்க் குடிவந்தவர்களின் குழந்தை
உத்தரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு
பொத் பொத் என்று தவழ்ந்துகொண்டிருந்தது.

ஏழரை.
அணைக்கப் போன கை திருகில் நின்றது.
எட்டு பவுண்டு எட்டு பவுண்டுதான்.

அணைத்தேன்.
ஏழு ஐம்பதுக்கு.