கிலோ பூஜ்யம் ரூபாய்

போன ஆனியில் ஸ்டெல்லாபாய்க்கு ஒரு சேதி:
இன்றிரவு ஒன்பதரைக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்.
ஒன்பதேகாலுக்குள் போய்விட்டது
இரண்டு மாத ஒட்டுபால் காசு.
கறண்ட் போகவில்லை.
விடிய விடிய பல்பைப் பார்த்துக்கொண்டே கிடந்தாளாம்.

அதனால் புதுச் சட்டத்தை நான் ஏச மாட்டேன்.
அப்படிச் சேதியெல்லாம் போனுக்கு வருமுன்னே
கம்பெனிக்காரன் மறித்துவிட வேண்டுமாம்.
மறிக்கட்டும்.

குலசேகரம் சந்தை முக்கில் ரப்பர் ஷீட் எடுக்கிறவன் நான்.
காலை ஏழுக்கு, இருநூற்றுப் பதினொரு பேருக்கு, அன்றைய விலை.
எனக்க சேதியும் மறிபட்டது.
ஆதார், ஜி.எஸ்.டி., கடை முத்திரை, பதினாறு நாள் அலைச்சல்;
ஒப்புதலாகி வந்தது ஒரே ஒரு வாக்கியம்,
நடுவில் ஓட்டையோடு.
'இன்றைய ஷீட் விலை கிலோ ____ ரூபாய்.'
ஓட்டைக்குள் எண் மட்டும் நுழையும்.

முன்பு கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்:
பேச்சிப்பாறைப் பக்கம் கறுக்குது, காயப்போட்டதை எடுத்துருங்கோ.
செவ்வாயன்று சேர்த்துப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதினொன்றும் போகவில்லை.
பத்து மணிக்கு மழை.
நனைந்த பதினெட்டு ஷீட்டை மேசையில் போட்டு
ஸ்டெல்லாபாய் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றும் கறுக்கிறது.
யோசித்து, ஓட்டையில் பூஜ்யம் அடித்தேன்.
போயிற்று. எல்லோருக்கும்.

உடனே அவள் கூப்பிட்டாள்:
"அண்ணா, உங்க பேருல எவனோ தட்டிப்புச் சேதி அனுப்புறான்."

"இல்ல பிள்ளே,
மழை வருது."