‘உன்’ வரை

இரவு எட்டு மணிக்கு வானொலியில்
ஒதுங்கியிருப்போருக்கான செய்திகளை வாசிப்பார்கள்.
பாலமில்லாத ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஓவிதியோவுக்கு:
மாட்டு மருந்து செவ்வாய்க்கிழமை படகில் வருகிறது.
தீவிலிருக்கும் ஹெர்மினியாவுக்கு:
பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, எல்லோரையும் கடிக்கிறாள்.

பதகோனியாவின் இந்த மடிப்பில்
என்னோடு எண்ணூற்றுப் பதினொரு ஆடுகள்,
பூல்கா என்றொரு நாய்,
ஒரு தகரக் கூரை,
அதைப் பிய்த்தெடுக்க
மூன்று வருடமாக முயலும் காற்று.

ஜூன் பத்தொன்பது. கணவாய் மூடி இரண்டு வாரம்.
வாசிப்பவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.
மேல்குடிலில் இருக்கும் எலெவுத்தேரியோ பர்ரியாவுக்கு:
உன் –

பேட்டரி செத்தது.

அடுப்பருகே வைத்துச் சூடேற்றினேன். பல்லால் கடித்தேன்.
கெட்ட வார்த்தையில் திட்டினேன், பிறகு மன்னிப்பும் கேட்டேன்.
ஒரு கரகரப்புகூட இல்லை.
இருந்தது அது ஒன்றுதான்.

உன் அம்மா? எட்டு வயதிலிருந்தே எனக்கு அம்மா இல்லை.
உன் மனைவி? போனவள் செய்தி அனுப்பமாட்டாள்.
உன் தம்பி?
அவனை ஏரி எடுத்துக்கொண்ட வருடமே
பாதிரியாரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்,
அவர் மேலே இருப்பவரிடம் சொல்லியிருப்பார்.
உன் வீடு எரிந்தது. உன் நிலம் போனது.
உன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.
காலிப் பாத்திரத்தைக் கண்டால்
மனசு முதலில் நஞ்சைத்தான் ஊற்றிப் பார்க்கிறது.

ஜூலையில் ஒரு காலை
மாத்தேக்குத் தண்ணீர் வைத்திருந்தேன்.
கொதிக்க விடக்கூடாது;
பாடத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும்.
கெண்டி முனகியது.
உன் கெண்டி, என்றேன்.
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது,
பூல்கா தலையைத் தூக்கியது.
உன் நாய்.

அதன்பின் நிற்கவில்லை.
உன் உப்பு, கல்லாக இறுகியது, கத்தியால் சுரண்ட வேண்டியது.
உன் இடது பூட்ஸ், வலதைவிட நல்லவன்.
உன் நாற்பத்தேழு தீக்குச்சிகள்.
ஆட்டின் வயிற்றடியில் விரலை நுழைத்தால்
கம்பளிக்குள் ஒளித்துவைத்த ஒரு பிப்ரவரி,
அதுவும் உன்.

யார் சொல்வது என்று யோசிக்கவில்லை.
அதே வாசிப்பவளின் குரல்தான்,
கொஞ்சம் ஜலதோஷத்தோடு.

ஆகஸ்டில் நான்கு நாள் விடாமல் பனி பெய்தது.
மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தபோது
முப்பத்தொரு ஆடுகள்
ஒன்றையொன்று சாய்ந்தபடி விறைத்து நின்றன.
உன் முப்பத்தொரு ஆடுகள்.
அதையும் வாசித்தாள், குரலை மாற்றாமல்.

இன்னோர் இரவு, ஏன் என்று தெரியாது,
உன் ஏரி, என்றேன்.
அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.
தூங்கினேன்.

செப்டம்பர் கடைசியில் நிபால்தோ
இரண்டு குதிரைகளில் மாவும் பேட்டரியும் கொண்டுவந்தான்.
தாடியிலிருந்த பனியைத் தட்டியபடி கேட்டான்:
‘ஜூன்ல உனக்கொரு செய்தி வாசிச்சாங்களே, கேட்டியா?’
‘பாதி கேட்டேன்.’
‘கடைக்காரர் அனுப்பினது.
உன் கடன் நாலு மாசமா பாக்கியாம்.
எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு.’

நானும் சிரித்தேன்.
கண்ணில் நீர் வரும்வரை,
குதிரை இரண்டடி பின்வாங்கும்வரை.
நிபால்தோ என்னைப் பார்த்த பார்வையில்
மனிதரில்லாத இடத்தில் அதிக நாள் இருந்தவனைப் பற்றிய
சந்தேகம் இருந்தது. நியாயம்தான்.

அவன் போனபின் எட்டு மணி ஆனது.
புது பேட்டரி உள்ளங்கையில் கனத்தது.
உன் கடன், என்றேன் கெண்டியிடம்.
கொதிக்கும் முன்பே அது
ஆமாம் என்பதுபோல் பாடத் தொடங்கியது.
முதலில் அதை இறக்கினேன்.