வெயிலைத் தவிர்க்கவும்

பழைய கட்டில் விரிப்புகளுக்கு நடுவே
கப்பலேறி, பிறகு லாரியேறி
மலாவி ஏரிக்கரைக்கு வந்தது இந்தப் புத்தகம்.
மனநல மருந்துகள்: பரிந்துரைப்போர் கையேடு.
முதல் தாளில் ஏதோ குளிர்நாட்டு மருத்துவமனையின் முத்திரை,
அதன் குறுக்கே இன்னொன்று:
நூலகத்திலிருந்து நீக்கப்பட்டது.

மெல்லிய தாள், கறுப்பு அட்டை.
நான் எடுத்து விரித்தால்
பெஞ்சில் காத்திருப்பவர்கள் தலைகுனிகிறார்கள்,
ஜெபம் தொடங்கப்போகிறது என்று.
ஒருவர் ஆமென்கூடச் சொல்லியிருக்கிறார்.
நான் தேடிக்கொண்டிருந்தது
மாத்திரையின் அளவை.

நூற்றெழுபத்தொரு மருந்துகள். எண்ணியிருக்கிறேன்.
என் அலமாரியில் ஆறு.
மழையில் பாலம் போனால் நான்கு.

இரவுப் பணியில் வராத மருந்துகளைப் படிப்பேன்,
பட்டினிக்காரன் சமையல் குறிப்பு படிப்பதுபோல.
லித்தியத்துக்கு மட்டும் ஆறு பக்கம்:
ரத்தம் எடு, உப்பைக் கவனி, சிறுநீரகத்தைக் கவனி,
மறுபடி ரத்தம் எடு.
எங்கள் ஆய்வகத்துக்கு மலேரியா தெரியும், கர்ப்பம் தெரியும்.
லித்தியம் தெரியாது.
ஐயமிருந்தால் நிபுணரை அணுகவும்
என்கிறது பக்கத்துக்குப் பக்கம்.
நிபுணர் இருக்கிறார், இல்லாமலில்லை.
நேற்றே பஸ் ஏறியிருந்தால்
நாளைக் காலை அவர் வாசலில் நிற்கலாம்.

எனக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்த ஒபதியா சிர்வா
ஓரங்களில் பென்சிலால் எழுதிவைத்துப் போயிருக்கிறார்.
'இதைக் கேட்காதே, வராது.'
'இது வந்தால் ஒளித்து வை.'
ஹாலோபெரிடால் பக்கத்தில்:
'கை இறுகுகிறதா என்று கேட்காதே.
இல்லை என்பான்.
வலையில் ஒரு முடிச்சுப் போடச் சொல்லிப் பார்.'

நியாலோங்வே வந்தது அக்டோபரில்.
உசிப்பா காயவைப்பவள். விரல்நீள வெள்ளிமீன்,
மூங்கில் பரண்களில் பரப்பி
மணிக்கொருதரம் திருப்ப வேண்டும்.
முழங்கை வரை தோல் வெந்து உரிந்திருந்தது.
குளோர்ப்ரோமசின்.
தானாகவே நிறுத்திப் பதினைந்து நாள்.
ஏரிக்குள்ளிருந்து திரும்பவும் கூப்பிடுகிறார்கள் என்றாள்,
காற்று தெற்கே அடிக்கிறது என்பதுபோல.

ஊசி மருந்து ஜூனிலேயே தீர்ந்திருந்தது.
புத்தகத்தை விரித்தேன். அவளும் தலைகுனிந்தாள்.
வெயிலைத் தவிர்க்கவும்.
சிதோங்காவில் சொன்னேன்.
சொல்லும்போதே நாக்கு கூசியது.
அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.
"உன் புத்தகம் வந்து மீனைத் திருப்புமா?"

பிறகு இரண்டுபேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.
காலை மாத்திரை இரவுக்குப் போகட்டும்.
சந்தையில் பழந்துணிக் குவியலில்
கோல்கீப்பர் சட்டை ஒன்று பார்த்திருக்கிறாள்,
முழுக்கை, மஞ்சள், கழுத்துவரை மூடும்.
பாதிக் காசு நான் தருவதாக ஏற்பாடு.
உச்சிப்பொழுதில் பரணைத் தங்கை புருஷன் பார்ப்பான்,
குடித்திராத நாட்களில்.
குடித்த நாட்களில்?
கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.
குடித்த நாட்களில் குடை, என்றாள்.

சிர்வாவின் பென்சிலுக்குக் கீழே
என் பேனாவால் எழுதினேன்:
'மீன் காயவைப்போர் விடியலில் திருப்பலாம்.
நான்கு மணிக்குப் பிறகு திருப்பலாம்.'
என்ன எழுதினாய், வாசி என்றாள்.
வாசித்தேன்.
இல்லை என்று தலையாட்டினாள்.
"நான்கு மணி என்பது ஜூனில்.
அக்டோபர் வெயில் ஐந்து தாண்டியும் கடிக்கும்.
நீ கரையில் நின்றவளில்லை."

அடித்துத் திருத்தினேன்.
பேனா அழுந்தியதில் தாள் பொத்துக்கொண்டது.
மறுபக்கம், இங்கே ஒருநாளும் வந்திராத
குளோசபினின் முதல் எழுத்து மேல்
நீலமாக ஒரு புள்ளி.